மாரியும் மனமும்

குளிர்நாடுகளில் மாரிகாலச் சோர்வுக்கு மருத்துவப் பெயரே இருக்கிறது: பருவகால மனச்சோர்வு. 1984இல் அதை விவரித்து எழுதிய குழுவின் தலைவர் நோர்மன் ரோசந்தால் என்ற உளமருத்துவர். தென்னாபிரிக்காவில் வளர்ந்து அமெரிக்கா சென்ற அவர், அங்கே குளிர்காலம் வந்ததும் தனக்கே உற்சாகம் குறைவதைக் கவனித்தாராம். ஒஸ்லோவில் டிசம்பர் மாதப் பகல் ஆறு மணித்தியாலம்தான். காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பிந்தி ஓடுகிறது, நித்திரையும் மனநிலையும் குழம்புகின்றன. அதனால் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன்னால் தினமும் காலையில் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்கிறார்கள்.

வன்னிக்கு இந்த விளக்கம் போதாது. கிளிநொச்சியில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலம். ஜூன் மாதத்துடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் குறைவு. ஆனாலும் ஒக்டோபர் மழை தொடங்கியதும் எங்கள் வீடுகளில் பேச்சுக் குறைகிறது, கோபம் கூடுகிறது. ஏன்?

முதற் காரணம் எளிது. மழை வந்தால் நாட்கூலி நிற்கிறது. மேசன் வேலை இல்லை, கடலுக்குப் போக முடியாது, கடைக்கடன் ஏறுகிறது. உடுப்புக் காயாது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளத்தை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சையும் இரண்டு நாட்களிலேயே மழையால் நின்று, டிசம்பர் 4இல்தான் மறுபடி நடந்தது. அப்படி இடையில் நின்ற பரீட்சைக்குப் படிப்பது எப்படி இருக்கும் என்று அந்த அக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது காரணம் நினைவு. வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் இறுதியில். சுனாமி முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனது 2004 டிசம்பர் 26இல். எங்கள் தமிழ் அயலவர்களுக்கு 2009 ஜனவரியிலிருந்து மே வரை ஒவ்வொரு நாளும் ஒரு திகதி. மனிதர் மறந்தாலும் மாதம் நினைவூட்டிவிடும்.

எங்கள் வாப்பாவுக்கு 1990இல் ஒன்பது வயது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவர் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிடுவார். இரவில் நித்திரை இல்லை. சின்ன விசயத்துக்கும் சீறி விழுவார். உம்மம்மா தண்ணீர் ஓதிக் கொடுப்பா. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும் உம்மா போகத் தயங்கினா. "நாலு பேருக்குத் தெரிஞ்சா தாத்தாவுக்கு மாப்பிள்ளை பேச யார் வருவாங்க?" என்பதுதான் பயம். கவுன்சலிங் என்றாலே பைத்தியம் என்று நினைக்கும் ஊரில் அந்தப் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

ஈமான் பலவீனமானவர்களுக்குத்தான் மனச்சோர்வு வரும் என்ற பேச்சும் உண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போனதை அல்குர்ஆன் சொல்கிறது. கதீஜா நாயகியும் அபூதாலிபும் மரணித்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர். கி.பி. 934இல் மரணித்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று அன்றே பிரித்துக் காட்டினார். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதருடன் நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று எழுதியவர். ஆகவே குணமாவதும் சேர்ந்துதான். மனத்தை அமைதிப்படுத்த அவரவர் மார்க்கத்துச் சொற்களையே அவர் பயன்படுத்தச் சொன்னார். இந்துக்களுக்கு ஓம், எங்களுக்குத் திக்ர். ஸுப்ஹானல்லாஹ்வை மூச்சோடு சேர்த்து நிதானமாகச் சொல்வது உம்மம்மாவுக்குப் புதிதல்ல. ஒரு டொக்டரும் அதையே சொல்கிறார் என்பதுதான் அவவுக்குப் புதினம்.

கடைசியில் நாங்கள் போனோம், குடும்பமாக. உளவளத்துணையாளர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியம். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்றார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "மழை வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?" எட்டு வயதுத் தம்பி, "வாப்பா கோவிப்பார், நான் என்ன பிழை செஞ்சன் எண்டு தெரியாது" என்றான். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த தடவை அவராகவே பேசினார். புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள் ஒழுகும் இடமெல்லாம் உம்மம்மா இரவு முழுவதும் சட்டி வைத்ததைச் சொன்னார். பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் கேட்டதேயில்லை.

குடும்ப உளவளத்துணை செய்வது இதைத்தான். ஒருவரைக் குற்றவாளியாக்காமல், ஒருவரின் மௌனம் மற்றவருக்குள் என்னவாக மாறுகிறது என்று காட்டுகிறது. பெரியவர்கள் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போதும் மழைநாளில் வாப்பா சோர்வார். ஆனால் "இண்டைக்கு எனக்குச் சரியில்ல" என்று சொல்லிவிடுவார். தம்பி தன்பாட்டில் விளையாடுவான்.

குளிர்நாட்டு விளக்கில் எங்களுக்கும் கொஞ்சம் பாடம் உண்டு. மழைமேகத்தின் கீழும் வெளியே இருக்கும் வெளிச்சம், யன்னல் சாத்திய அறையைவிடப் பல மடங்கு. ஸுபஹுக்குப் பிறகு போர்வைக்குள் திரும்பாமல், விடிந்ததும் தேநீரோடு விறாந்தையில் இருக்கலாம்.

எல்லாச் சோர்வும் பேச்சால் போகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை, சாப்பாடு, ஆர்வம் எல்லாம் குறைந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே தரும் மாத்திரை பலன்தரச் சில வாரங்களாகும். ஒரு கிழமையில் சுகமில்லை என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதானால் டொக்டரிடம் கேட்டுத்தான். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியே விடவும் வேண்டாம். பாதை வெள்ளத்தில் மூடி பஸ் ஓடாத இரவிலும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது.