கிணற்று வாயின் பரப்பை விட்டத்தைக் கொண்டு அறிதல்

கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கிணறு வெட்டுமிடங்களில், ஆழத்தைப் பற்றித் தகராறு எழுவது அரிது. கயிறு விட்டால் அது தெரிந்துவிடும். வாயின் பரப்பைக் கணக்கிடுவதிலேயே வழக்கு உண்டாகிறது. கடன் பெற்றுக் கிணறு வெட்டும் சங்க அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தாமே போடக் கற்றிருத்தல் அவசியம்.

வட்டத்தின் மையத்தின் வழியே விளிம்புக்கு விளிம்பு செல்லும் அளவு விட்டம் எனப்படும். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, வந்ததை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் பரப்பாகும். 14 அடி விட்டமுள்ள கிணற்றுக்குப் பெருக்குத் தொகை 196. அதில் பதினான்கில் பதினொரு பங்கு 154 சதுர அடி. ஆழம் 20 அடியாயின் எடுத்த மண் 3,080 கன அடி.

இக்கிணற்றைச் சதுரமெனப் பாவித்து 196 என்றே வைத்துக்கொண்டால், வெட்டாத 840 கன அடிக்குக் கூலி கொடுத்தவராவோம். அதற்கு மாறாக, முக்கால் பங்கு போதுமென்று 147 என வைப்பவரும் உண்டு. அப்பொழுது வெட்டியவருக்கு 140 கன அடியின் கூலி போய்விடும். இரண்டும் நியாயமன்று.

இவ்விதி எங்ஙனம் வந்தது? வட்டமான காகிதத்தை மையத்திலிருந்து மெல்லிய பல துண்டுகளாக நறுக்கி, தலைமாற்றி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நீள்சதுரம் அமையும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. இவ்விரு பாதிகளையும் பெருக்கப் பரப்பு வருமென்று நம் கணக்கதிகாரம் என்னும் பழைய நூலும் கூறுகிறது. சுற்றளவு விட்டத்தைப்போல் ஏழில் இருபத்திரண்டு மடங்கு எனக் கொண்டால், மேற்சொன்ன 11-ம் 14-ம் தாமே வந்துவிடும். இது சற்றே மிகுதியான அளவுதான். கி. பி. 499-இல் ஆரியபட்டர் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்று இன்னும் நுட்பமாகக் கூறினார். ஆனால் நமது 154 சதுர அடியில் பிழை ஏறத்தாழ 9 சதுர அங்குலமே. மண்வெட்டி வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

விட்டத்தைத் தவறாக அளந்தாலோ பிழை பெரிதாகும். கயிற்றின் ஒரு நுனியை விளிம்பில் நிறுத்தி, மறு நுனியை எதிர் விளிம்பில் இருபுறமும் நகர்த்திப் பார்க்க வேண்டும். மிக நீண்டு நிற்கும் அளவே விட்டம். வாய் சற்றுக் கோணலாயிருந்தால் கிழமேலாகவும் தென்வடலாகவும் அளந்து, கூட்டிப் பாதி கொள்க.

உட்சுவர் கட்டுவோர் ஒன்று கவனிக்க வேண்டும். ஒன்றரை அடிக் கனமுள்ள சுவர் இருபுறமும் நிற்பதால் விட்டத்தில் மூன்று அடி குறையும். உள்விட்டம் 11 அடி, பரப்பு சுமார் 95 சதுர அடி. 154-இல் இதைக் கழிக்க, ஆழம் அடி ஒன்றுக்குக் கட்டுவேலை சுமார் 59 கன அடியாகும். ஒன்றரையை ஒரே முறை கழிப்பவர் கணக்கில் கல்லும் சுண்ணாம்பும் பாதிவேலையில் தீர்ந்து நிற்கும்.

நெல் நிறைந்த குதிரில் குறுக்கே அளக்க இயலாது. சுற்றிக் கயிறு கட்டி, அவ்வளவை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுக்க விட்டம் வரும். சுற்றளவு 22 அடியாயின் விட்டம் 7 அடி, பரப்பு முப்பத்தெட்டரைச் சதுர அடி. விட்டம் 14-இல் பாதியாயினும் பரப்பு 154-இல் கால் பங்கே. ஆகையால் 14 அடிக் குதிர் ஒன்றின் நெல்லை அதே உயரமுள்ள 7 அடிக் குதிர்களில் மாற்ற நான்கு குதிர்கள் வேண்டும்.