மார்கழி வாடையும் மாட்டுக் கொட்டிலும்

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள சங்கங்களின் கடன் ஏடுகளைத் தணிக்கை செய்யுங்கால், தை மாதப் பக்கங்களில் ‘கன்று இறந்தது’ என்ற குறிப்பை அடிக்கடி காண்கிறேன். பனியே உறையாத நம் நாட்டில் குளிரால் கன்று மடியுமோ என்று அங்கத்தினர் ஒருவர் வினவினார். மடியும், ஆனால் எல்லா வயதுக்கும் குளிர் ஒன்றன்று.

நன்கு தின்று, மயிர் நனையாதிருக்கும் பெரிய பசு நீர் உறையும் குளிரையும் தாங்கும். அதன் முதல் வயிற்றில் வைக்கோல் புளித்துச் சிதையும்போது எழும் சூடே அதற்குக் கணப்பு. பல் தேய்ந்த கிழ மாட்டுக்குத் தீனி குறைவதால் இக்கணப்பும் தணிந்துவிடுகிறது.

பிறந்த கன்றுக்கு அவ்வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. உடல் சிறிது, எடையை நோக்கத் தோற்பரப்பு அதிகம், ஆதலின் சூடு விரைவில் வெளியேறும். போதாக்குறைக்கு நனைந்தே பிறக்கிறது. ஈரம் உலரும்போது உடற்சூட்டையும் உடன்கொண்டு போகிறது. இதற்கென இயற்கை கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பழுப்புநிறக் கொழுப்பைச் சிறிது வைத்து அனுப்புகிறது. நடுங்காமலே சூடு தரும் அக்கொழுப்பு நெடுநாள் நில்லாது. பன்றிக்குட்டிக்கு அதுவும் இல்லை. கோழிக்குஞ்சின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பின்பு வாரந்தோறும் 3 டிகிரி வீதம் குறைக்கலாம்.

நம் கடலூரில் மார்கழி இரவு 20, 21 டிகிரிக்கே இறங்குகிறது. உலர்ந்த கன்று இதனைப் பொறுக்கும். மழையும் காற்றும் சேரும்போதுதான் ஆபத்து. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியபோது கொட்டில் கூரைகள் பறந்ததை நம்மவர் மறந்திரார். வாடைக்காலத்தில் கறவை கன்றுக்குப் பால் கொடாது விலக்குவதை நெடுநல்வாடை பாடிய நக்கீரரே கண்டிருக்கிறார்.

நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் ஊட்டலாகாது என்னும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. இதனினும் கேடான வழக்கத்தை நான் அறியேன். கன்றுக்கு முதல் எரிபொருள் சீம்பாலே. நோயெதிர்ப்புச் சத்தும் அதில்தான் உண்டு. அச்சத்தைக் குடல் ஏற்கும் ஆற்றலோ ஒரு நாளில் அற்றுப்போகும். ஆகவே ஈன்ற சில மணி நேரத்திற்குள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்களவு ஊட்டிவிடல் வேண்டும். எஞ்சியதைத் திரட்டுப்பாலாக்கிக் கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை! கன்றின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் சில்லிட்டிருந்தால் முதலில் துடைத்துச் சூடேற்றி, அதன் பின்னரே பால் ஊட்டுக.

புவனகிரிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் பழைய சாக்கினுள் வைக்கோல் வைத்துத் தைத்து, கன்றின் முதுகில் கட்டியிருந்தார். நல்ல ஏற்பாடு. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லி வந்தேன். ஈரச் சாக்கைக் காட்டிலும் வெறும் முதுகே மேல்.