எல்லாமே மாத்திட்டா அது அதே கார்தானா? 1 கோடி பவுண்ட் வழக்கு சொன்ன பதில்

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது முதலில் என்ன பார்ப்போம்? ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகுதான்னு பார்ப்போம். சரியா இருந்தா பாதி நிம்மதி. ஆனால், 60 வருஷப் பழைய ரேஸ் கார் என்றால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

எந்த கார் இது?

பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். பட்டப்பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 என அடுத்தடுத்து ஜெயித்த கார். பிறகு 8 லிட்டர் இன்ஜின் பொருத்தினார்கள். 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுபாதையில் சரிவைத் தாண்டிப் பறந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதன்பின் கூபே காராக மாற்றிக் கட்டப்பட்டது.

வழக்கு எதற்கு?

இந்த காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு, "இது அந்த ஓல்டு நம்பர் ஒன்னே இல்லை" என்று பின்வாங்கியது. உரிமையாளர் கோர்ட்டுக்குப் போனார். 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் காரின் ஒவ்வொரு பாகத்தின் வயதையும் அலச வேண்டியதாயிற்று.

பழைய காரை எப்படி சோதிப்பாங்க?

நம்பர்: இரும்பில் எண்ணை அடித்துப் பொறிக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் அழுந்தும். மேலே அரத்தால் ராவி அழித்தாலும், அமிலம் தடவினால் பழைய எண் நிழல் மாதிரி தெரிய வாய்ப்பு உண்டு.

சேஸிஸ்: ஃபிரேமின் அளவு, ரிவெட், வெல்டிங் எல்லாம் எந்தக் காலத்து வேலை என்று பார்ப்பார்கள். காரணமே இல்லாமல் ஒரு துளை இருந்தால், முன்பு அங்கே வேறு ஏதோ பாகம் இருந்திருக்கும்.

இன்ஜின்: அதன் எண்ணைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள்.

என்ன கிடைத்தது?

1929 காரிலிருந்து உறுதியாகச் சொல்லும்படி எதுவுமே இல்லை. 1930 காரிலிருந்து கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் காலம், பெடல் ஷாஃப்ட். சேஸிஸ் ஃபிரேமும் 8 லிட்டர் இன்ஜினும் 1932-ஐச் சேர்ந்தவை. அதாவது, லே மான்ஸில் ஜெயித்த இன்ஜின் இதில் இல்லை!

அப்போ வாங்க வந்தவங்க சொன்னது சரியா?

இல்லை. நீதிபதி ஆட்டன், இதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, ஆனால் ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயருக்கு உரிய கார் இதுதான் என்று தீர்ப்பளித்தார். ரேஸ் கார் என்றாலே பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறும். இந்த கார் ஒரே நாளில் மாறிவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. இடையில் அதன் வரலாறு அறுபடவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு காரும் இல்லை.

பாகம் எந்த வருஷத்தது என்பதை இன்ஜினியர் சொல்லிவிடலாம். வண்டி எது என்பதை முடிவு செய்தது, அது கைமாறி, பழுது பார்க்கப்பட்டு வந்த கதை. அடுத்த முறை பழைய வண்டி பார்க்கப் போனால், நம்பரோடு நின்றுவிடாமல் சர்வீஸ் பில்களையும் கேளுங்கள்.