ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள். குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைக்குள், போனட் நுனியில் கடா ஒன்று கொம்பை நீட்டியபடி நிற்க, 1951 மாடல் டாட்ஜ் கிங்ஸ்வே!

ஹார்னிமன் சர்க்கிளில் கிளம்பும் பழைய கார் பேரணியில் இந்த மாதிரி வண்டிகளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாம் பளபளப்பு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனது இதுதான் முதல் முறை. வாங்க, நீங்களும் வாங்க. தலை பத்திரம், ஷட்டரில் ஒரு கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. டால்டா டப்பா நிறைய போல்ட்டுகள். பழைய தமிழ் தினசரிமேல் கார்பரேட்டர் பிரித்துப் பரப்பியிருக்கிறது. பின் சீட்டை மட்டும் காணோம். நாலு சந்து தள்ளி ஒரு தோல் பட்டறைக்குத் தையலுக்குப் போயிருக்கிறதாம். தோல் பை தைத்துப் பழகிய தாராவிக் கைகள் அமெரிக்கக் காருக்கு மெத்தை தைக்கின்றன! சீட் இருந்த குழியில் மெக்கானிக் அண்ணாச்சியின் டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அறுபதைத் தாண்டியவர். காலமெல்லாம் பத்மினி டாக்ஸிக்குக் கை கொடுத்தவர். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸிக்கும் வயது முடிந்து சாலையைவிட்டுப் போனபோது இரண்டு நாள் கடை திறக்கவில்லையாம். இப்போது இந்த டாட்ஜ் வந்து அவரை மறுபடி எழுப்பி உட்கார வைத்திருக்கிறது.

எஞ்சினைக் காட்டினார். அடடா! இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி தட்டையான கனத்த இரும்பு மூடி, அதன் தலைமேல் வரிசையாக ஆறு பிளக். ஏறக்குறைய 3,600 சிசி. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகும்போது அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். “ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு.” ஆறு சிலிண்டரும் எந்த வரிசையில் வெடிக்க வேண்டும் என்பதன் கணக்கு அது.

“எங்க மாமா சொல்லிக் குடுத்தது தம்பி. குர்லா பிரீமியர்ல ஃபிட்டரா இருந்தாவ. எனக்கு ரெண்டாம் வாய்ப்பாடு வாறதுக்கு முன்னாடியே இது வந்திருச்சு.”

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனியோடு கை கோத்து, டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ எல்லாவற்றையும் குர்லாவில்தான் பூட்டியது. நாம் நிற்கிற இடத்திலிருந்து குர்லா கூப்பிடு தூரம். டெட்ராய்ட்டில் பிறந்த எஞ்சினுக்கு வரிசை சொல்லித் தந்தது ஒரு திருநெல்வேலி மாமா என்பது எனக்கு எவ்வளவு தித்திப்பாக இருந்தது தெரியுமா!

முன் பக்கம் ஒரே சிரிப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் இடது சக்கரத்தின் போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறான். ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பத்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு அண்ணாச்சி போய், ஸ்பேனரை எதிர்த்திசையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். சொல்லிவைத்த மாதிரி கழன்றது! அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்க மரை மட்டும் திருப்பிப் போட்டிருக்குமாம், ஓடுகிற ஓட்டத்தில் போல்ட் தளராமல் இருக்க. பேட்டரியும் அப்படித்தான். ஆறே வோல்ட். பாசிட்டிவைப் பாடியில் மாட்ட வேண்டும். யாராவது மறந்துவிடக் கூடாதென்று மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸில் பெரிதாக எழுதியிருக்கிறது: ‘உல்டா’.

அந்தப் பையன் கைப்பேசியை நீட்டினான். 1966-ன் அமெரிக்க மசில் கார். கிரைஸ்லரின் ஹெமி எஞ்சின், ஏழு லிட்டர், 425 குதிரைத் திறன்! ஸ்பீக்கர் கிழிகிற உறுமல். அதே சமயம் குர்லாவில் என்ன நடந்தது? பெரிய வண்டிகள் மெல்ல மெல்ல ஒதுங்கி, 1,089 சிசி ஃபியட் முன்னால் வந்துவிட்டது. இறக்குமதிக்கோ ஏகப்பட்ட கெடுபிடி. அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் இந்த ஆறு சிலிண்டரையே தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, இதுவும் டாட்ஜ்தானே? ஏன் அது மாதிரி கத்தாது?”

“ஏலே, அது சண்டியரு. இது ஆச்சி. ஆச்சி கத்துவாளா?”

மதியம் வண்டியின் சொந்தக்காரர் வந்தார். மாட்டுங்கா மாமா, எழுபதை நெருங்குகிறார். ஒரு கையில் ஃபில்டர் காபி பிளாஸ்க், இன்னொரு கையில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கு. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பினார்.

“அப்பா வாங்கினது. ஞாயித்துக்கிழமை ஆனா எங்க எல்லாரையும் அடைச்சுண்டு செம்பூர். ஆர்.கே. ஸ்டுடியோ வாசல்ல நிறுத்திடுவார். உள்ளேர்ந்து எந்த ஸ்டாரோட கார் வரும்னு பார்க்கறதுக்கு. இம்பாலா வந்தா நான் கத்துவேன். அக்கா, ‘நம்ம கார்தாண்டா அழகு’ம்பா.”

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் அப்பாவால் தாங்க முடியவில்லை. பம்பாயில் அந்த நாளில் பலர் செய்ததை அவரும் செய்தார். ஆறு சிலிண்டரை இறக்கிவிட்டு, மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார். இறக்கியதை மட்டும் விற்க மனசு வரவில்லை. கட்டடத்து மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்தி வைத்தார். அது அங்கேயே கிடந்தது. அப்பா போனார். டீசலும் ஒருநாள் நின்றது. அந்தச் சாக்கை விலக்கித்தான் அண்ணாச்சி இப்போது வேலையில் இறங்கியிருக்கிறார். இத்தனை காலம் உறங்கிய எஞ்சின் இன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறக்கப் போகிறது. நான் வந்த நேரத்தைப் பாருங்கள்!

மாலை ஐந்து. ஃபேனை நிறுத்தினார்கள். எல்லோர் நெற்றியிலும் வியர்வை. அண்ணாச்சி சாவியை மாமாவிடம் நீட்ட, மாமா திருப்பி அவர் கையிலேயே வைத்தார். செல்ஃப் முனகியது. ஒன்றுமில்லை. மறுபடி. ஒரு தும்மல், ஒரு புகை. பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூன்றாவது தடவை, எங்கோ தொலைவில் தறி ஓடத் தொடங்கியது போல ஒரு சத்தம். அது நிற்கவில்லை. டால்டா டப்பா போல்ட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. ஹெமியின் உறுமலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காதைத் தடவிக் கொடுக்கிற சத்தம். ஆஹா! பையன் என்னைக் கட்டிக்கொண்டான். என் சட்டை முழுக்க கிரீஸ்.

மாமா எதுவும் பேசவில்லை. செம்பூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, போனட் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணினார்.

“அக்கா, கேக்கறதா?”

நெடுநேரம் பதிலில்லை. பிறகு ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய குரல்:

“ரேஸ் பண்ணாதேங்கோடா. பெட்ரோல் விக்கற விலைக்கு, அப்பா திட்டுவா.”