காந்தாரச் சுவடிகளும் தொடக்ககாலப் பௌத்த வரலாறும்

முன்னுரை

பௌத்தத்தின் தொடக்கநிலை குறித்து நாம் வகுப்பறைகளில் எடுத்துரைக்கும் செய்திகளுள் பெரும்பாலானவை பாலி மொழித் திரிபிடகத்தை அடிப்படையாகக் கொண்டவை. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த இப்பிடகங்கள் வட்டகாமணி மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், இலங்கையில் ஏடேற்றப்பட்டன என்று அந்நாட்டு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையே அவ்விடம் என்பது மரபுவழிச் செய்தியாகும். எனினும் அன்று எழுதப்பட்ட ஏடுகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. மியன்மாரின் ஸ்ரீ க்ஷேத்திரத்தில் கண்டெடுக்கப்பட்ட 20 பொன்னேடுகள் கி.பி. 5 அல்லது 6 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. நேபாளத்தில் காக்கப்பட்டுள்ள வினய நூலொன்றின் சில ஓலைகள் அதற்கும் பிற்பட்டவை. முழுமையான பாலிச் சுவடிகளோ பெரும்பாலும் அண்மைய சில நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பட்டவையே.

நூலின் காலத்திற்கும் சுவடியின் காலத்திற்கும் இடையே கிடக்கும் இத்தகைய இடைவெளி தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. சங்க நூல்களையும் நாம் மிகப் பிற்கால ஓலைகளின் வழியாகவே அறிந்துள்ளோம். ஆனால் பௌத்தத்தைப் பொறுத்தவரை அவ்விடைவெளியின் பெரும்பகுதியை நிரப்பும் சான்றுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிப்பட்டுள்ளன. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்குப் பகுதியையும் ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பகுதியையும் உள்ளடக்கிய பழைய காந்தார நிலத்தின் சுவடிகளே அவை. அவை எவ்வாறு கிடைத்தன, எவற்றைக் கூறுகின்றன, பௌத்தம் பற்றிய நம் கருத்துகளை எவ்வகையில் திருத்துகின்றன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடிகள் வெளிப்பட்ட வரலாறு

காந்தாரி மொழிச் சுவடிகளுள் முதலில் அறியப்பட்டது 1892 ஆம் ஆண்டில் நடு ஆசியாவின் கோட்டான் அருகே கிடைத்த தருமபதச் சுவடியாகும். இதன் பகுதிகளை ஒரு பிரெஞ்சுப் பயணக்குழுவும் காஷ்கரிலிருந்த உருசியத் தூதர் பெத்ரோவ்ஸ்கியும் தனித்தனியே பெற்றனர். ஆகவே ஒரே சுவடி பாரிசுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் பிரிந்து சென்றது. ஜான் பிரஃப் 1962 இல் இதனை விரிவான ஆய்வுரையுடன் பதிப்பித்தார். அதன் பின்னரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது ஒன்றே காந்தாரி இலக்கியத்தின் தனிச்சான்றாக நின்றது.

1994 இல் பிரித்தானிய நூலகம் 29 பூர்ஜமரப் பட்டைச் சுவடித் துண்டுகளையும் எழுத்துப் பொறித்த சில மட்பாண்டங்களையும் பெற்றது. 1996 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இவற்றை ஆராயும் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. அதனை வழிநடத்திய ரிச்சர்ட் சாலமன் 1999 இல் தம் முதல் நூலை வெளியிட்டார். இச்சுவடிகள் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அவர் முடிவு. எழுத்தமைதியோடு, இக்கதைச் சுருக்கங்களில் இடம்பெறும் ஜிஹோனிகன், அஸ்பவர்மன் ஆகிய ஆட்சியாளர்களின் பெயர்களும் இம்முடிவுக்குத் துணைநின்றன.

இதனைத் தொடர்ந்து பிற தொகுதிகளும் அறிஞர் பார்வைக்கு வந்தன. ராபர்ட் சீனியர் என்பாரிடமிருந்த 24 சுருள்கள், நார்வேயின் ஸ்கோயென் தொகுப்பிலுள்ள பாமியான் பகுதித் துண்டுகள், 1999 இல் பாகிஸ்தானின் பஜௌர் பகுதியில் பாழடைந்த பௌத்தப் பள்ளியொன்றிலிருந்து கிடைத்ததாகக் கூறப்படும் தொகுதி ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 2003 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பெற்ற சுருளொன்று 2019 இல் இணையவழியில் அனைவரும் காணுமாறு வெளியிடப்பட்டது.

மொழியும் எழுத்தும்

இச்சுவடிகளின் மொழி வடமேற்கு இந்தியப் பிராகிருதமாகும். இதற்குக் காந்தாரி என்னும் பெயரை 1946 இல் ஹரால்ட் பெய்லி முன்மொழிந்தார். எழுத்து கரோஷ்டி, இது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோகர் ஷாபாஸ்கரி, மான்சேரா ஆகிய இரு இடங்களிலும் தம் ஆணைகளை இவ்வெழுத்திலேயே பொறித்தார். ஏனைய இடங்களில் பெரும்பாலும் பிராமியைக் கையாண்ட அரசு இங்கு கரோஷ்டியைத் தேர்ந்தமை, அப்பகுதி மக்களிடையே அது முன்னரே வழக்கூன்றியிருந்ததைக் காட்டுகிறது.

கரோஷ்டியில் குறில் நெடில் வேறுபாடு பொதுவாகக் காட்டப்படுவதில்லை. இரட்டித்த மெய்யும் ஒற்றை மெய்யாகவே எழுதப்படும். எனவே எழுத்தறிந்தார் எல்லாரும் பொருளறிந்தார் ஆகார். பாடத்தை முன்பே செவிவழி அறிந்தவருக்கே ஐயமின்றிப் படித்தல் இயலும். புள்ளியிடாத பழந்தமிழ் ஓலைகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்குவதை அறிந்தவர்கள் இந்நிலையை எளிதில் உணர்வர். எழுத்து வாய்மொழிக்கு மாற்றாக வரவில்லை, அதற்குத் துணையாகவே வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

சுவடியின் வடிவமும் சிதைவும்

பூர்ஜமரத்தின் பட்டை இமயமலைப் பகுதிகளில் எளிதிற் கிடைப்பது. பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு ஒடுங்கிய சுருளாக்கினர். முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதி முடித்தபின், சுருளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கீழிருந்து தொடங்கி மேல்நோக்கி எழுதினர். பின்னர் அடிப்பகுதி உள்ளே அமையுமாறு சுருட்டி வைத்தனர். ஆகவே முன்பக்கத்தின் தொடக்கமும் பின்பக்கத்தின் முடிவும் ஒருங்கே சுருளின் வெளிப்புறத்தில் அமைந்தன. காலப்போக்கில் முதலில் பொடிந்துபோன பகுதியும் அதுவே. நூற்பெயர், எழுதியோர் பெயர் முதலியன பெரும்பாலும் கிடைக்காமைக்கு இதுவே காரணம். முதலேடும் ஈற்றேடும் இழந்த தமிழ்ச் சுவடிகளைப் பெயரறியாது கையிலேந்திய பதிப்பாசிரியர்களின் இடர்ப்பாட்டை இங்கு நினைவுகூரலாம்.

இரண்டாயிரம் ஆண்டுகள் சுருண்டு கிடந்த பட்டையை விரிப்பது பெரும்பணி. பிரித்தானிய நூலகத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் சுருள்களை ஈரக்காற்றில் வைத்து நெகிழச்செய்து, இடுக்கிகளைக் கொண்டு சிறிது சிறிதாக விரித்து, கண்ணாடித் தகடுகளுக்கிடையே பதித்தனர். உதிர்ந்த துணுக்குகளை உரிய இடத்தில் சேர்த்துப் படிக்கும் பணி அதன் பின்னரே தொடங்கியது.

மட்கலத்தில் வைத்ததேன்?

இச்சுவடிகள் மட்கலங்களில் இடப்பட்டமைக்கான காரணம் ஆய்வுக்குரியது. பிரித்தானிய நூலகத் தொகுதியோடு தொடர்புடைய கலத்தில், அது தருமகுப்தகப் பிரிவினருக்கு அளிக்கப்பட்ட கொடை எனப் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தொகுதியில் பல எழுத்தர்களின் கையெழுத்துகள் காணப்படுகின்றன. சில சுவடிகளில் 'எழுதப்பட்டது' என்னும் பொருளுடைய குறிப்புகள் பிறிதொருவர் கையால் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு, படியெடுத்து முடிந்த பழஞ்சுவடிகளைக் குப்பையில் இடாது முறைப்படி அடக்கம் செய்தனர் என்று சாலமன் முதலிற் கருதினார்.

சீனியர் தொகுதி இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. அதன் சுவடிகள் ஏறத்தாழ முழுவதும் ஒரே எழுத்தரால் எழுதப்பட்டவை. நெடுங்காலம் பயின்று தேய்ந்தவையாகத் தோன்றவில்லை. அக்கலத்தின் பொறிப்பு ஆண்டு 12 என்றும், மாசிடோனிய மாதப்பெயர் ஒன்றையும் குறிக்கிறது. இது கனிஷ்கர் ஊழியின் ஆண்டாயின், அவ்வூழி கி.பி. 127 இல் தொடங்கியது எனக் கொண்டு, ஏறத்தாழ 140 எனக் கணிக்கலாம். கரிமக் காலக்கணிப்பும் இதற்கு முரணாக இல்லை. ஆகவே இத்தொகுதி அடக்கம் செய்வதற்கென்றே எழுதப்பட்டிருக்கலாம். புத்தரின் உடலெச்சத்தைத் தூபியில் வைப்பது போன்றே, அறத்தின் உருவாகிய நூலையும் வைத்து வழிபட்டனர் எனக் கருத இடமுண்டு. தேய்ந்த ஏட்டை மதிப்புடன் நீக்குதலும் புதிய ஏட்டைப் புண்ணியத்திற்காகப் புதைத்தலும் ஒரே மரபின் இரு கூறுகளாக இருந்திருத்தல் கூடும்.

நூல்கள் உணர்த்தும் வரலாறு

இச்சுவடிகளால் தெளிவுறும் உண்மைகளை மூன்றாகத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஒரு நூலுக்குப் பல பாடங்கள் மிகப் பழங்காலத்திலேயே நிலவின என்பது. பாலிச் சுத்தநிபாதத்தில் உள்ள காண்டாமிருகச் சூத்திரம், தனித்து வாழும் துறவியைப் போற்றும் பழமையான பாட்டாகும். பாலியில் இது 41 செய்யுட்களைக் கொண்டது. காந்தாரி வடிவில் 40 செய்யுட்கள் உள்ளன. பெரும்பான்மைச் செய்யுட்கள் பொதுவானவை. ஆனால் அவற்றின் வரிசையும் சொற்களும் வேறுபடுகின்றன. மகாவஸ்து என்னும் நூலில் இதுவே சுருங்கிய மூன்றாம் வடிவாகக் காணப்படுகிறது. பஜௌர் தொகுதியில் இதனினும் வியப்பூட்டும் சான்றொன்று உள்ளது. ஒரே பட்டையின் இருபுறங்களிலும் பிக்குகளுக்குரிய பிராதிமோட்ச விதிகளின் ஒரே பகுதி இருவேறு வடிவங்களில் எழுதப்பட்டுள்ளது. விதிநூலில்கூடப் பாடவேறுபாடு உண்டு என்பதை அக்காலத் துறவியர் அறிந்திருந்தனர்; ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்த முற்படவில்லை.

இதனால் பாலிப் பிடகத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை என்பதையும் ஈண்டு வலியுறுத்த வேண்டும். அடிப்படைக் கோட்பாடுகளிலும் சூத்திரங்களின் பொருளிலும் காந்தாரிக்கும் பாலிக்கும் உள்ள ஒற்றுமை பெரிது. நெடுந்தொலைவில் தனித்தனியே பேணப்பட்ட இரு மரபுகள் இவ்வளவு ஒத்துச்செல்வது இரண்டிற்கும் வலுவூட்டுகிறது. திருத்தப்பட வேண்டியது, பாலி வடிவமே மூலம், ஏனையவை அதன் திரிபுகள் என்னும் எண்ணமே. பாலி மரபு முழுமையாக எஞ்சியது. பிற மரபுகள் சிதைந்தன. எஞ்சியமை வேறு, முதன்மை வேறு.

இரண்டாவது, மகாயானத்தின் தொன்மை. மகாயானம் பிற்காலத்தில் வடமொழியில் தோன்றியது என்னும் கருத்து நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. எட்டாயிரம் என்னும் அளவால் பெயர்பெற்ற பிரஜ்ஞாபாரமிதை நூலின் காந்தாரிச் சுவடியொன்றை ஹாரி ஃபால்க்கும் சேயிஷி கராஷிமாவும் 2012 முதல் வெளியிட்டனர். கரிமக் காலக்கணிப்பு இதனைக் கி.பி. 47க்கும் 147க்கும் இடைப்பட்டதாகக் காட்டுகிறது. பஜௌர் தொகுதியிலும் அட்சோபிய புத்தரின் உலகைப் பற்றிய மகாயானச் சார்புடைய நூலொன்று உள்ளது. அதே தொகுதியில் பழைய சூத்திரங்களும் விதிநூற் பகுதியும் இருக்கின்றன. இரு நெறிகளும் ஒரே பள்ளியின் ஏடுகளில் அருகருகே இருந்தன என்றால், அவற்றை அடுத்தடுத்து வந்த இரு காலகட்டங்களாகவோ பகைகொண்ட இரு சமயங்களாகவோ கற்பிப்பது பொருந்தாது.

மூன்றாவது, சீனத்துக்குச் சென்ற பௌத்தத்தின் வழி. கி.பி. 2 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லோகட்சேமர் லொயாங் நகரில் பிரஜ்ஞாபாரமிதையைச் சீனத்தில் பெயர்த்தார். தொடக்ககாலச் சீன மொழிபெயர்ப்புகள் பலவற்றின் மூலம் வடமொழியன்று, காந்தாரி போன்றதொரு பிராகிருதமே என்னும் கருத்து, மூலச்சுவடிகள் இல்லாத காலத்தில் ஒலிபெயர்ப்புகளைக் கொண்டே ஊகிக்கப்பட்டது. யானம், ஞானம் என்னும் இரு சொற்களும் மயங்கியுள்ள இடங்கள் பிராகிருத ஒலிப்பைக் கொண்டு விளக்கப்பட்டன. இன்று அச்சுவடிகளே கிடைத்திருப்பதால் அவ்வூகம் உறுதிபெற்றுள்ளது. பிரித்தானிய நூலகத்திலுள்ள சங்கீதி சூத்திரத்தின் வைப்புமுறை, கி.பி. 413 இல் சீனத்தில் பெயர்க்கப்பட்ட தீர்க்காகமத்தோடு நெருங்கிய ஒற்றுமையுடையது. அத்தீர்க்காகமமும் தருமகுப்தகருக்கு உரியதாகவே கருதப்படுகிறது. மட்கலப் பொறிப்பும் நூலின் வைப்பும் ஒரே பிரிவைச் சுட்டுவது மிகவும் முக்கியமானது.

களம் இழந்த சுவடிகள்

இச்சுவடிகளின் பெருமையைப் பேசும்போது ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. பெரும்பாலானவை அகழாய்வில் கிடைத்தவை அல்ல. பழம்பொருள் வணிகரின் கைவழி வந்தவை. பிரித்தானிய நூலகச் சுவடிகள் ஜலாலாபாத்துக்கு அருகிலுள்ள ஹத்தாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஊகமே. 19 ஆம் நூற்றாண்டில் அப்பகுதித் தூபிகளை அகழ்ந்த சார்லஸ் மேசன் பட்டைச் சுவடிகளின் எச்சங்களைக் கண்டதாகக் குறித்துள்ளமை இவ்வூகத்திற்குத் துணைசெய்கிறது. ஆனால் கலம் எந்த மண்ணடுக்கில் இருந்தது, அருகில் எவை கிடந்தன என்பன இனி அறிய முடியாதவை. ஆப்கானிஸ்தானில் நிகழ்ந்த போர்களில் ஹத்தாவின் தூபிகளும் சிற்பங்களும் சிதைந்தன. 2001 இல் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன. அச்சூழலில் இச்சுவடிகளை வாங்கியிராவிட்டால் அவை அழிந்திருக்கும் என்பர் ஒருசாரார். வாங்குவோர் இருத்தலாலேயே தோண்டிக் கவர்தல் பெருகுகிறது என்பர் மற்றொருசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் களத்தை இழந்த சுவடி தன் வரலாற்றின் ஒரு பாதியை இழந்த சுவடியே ஆகும். இதனை மாணவர்க்கு உணர்த்தாமல் இச்சுவடிகளைக் கற்பிப்பது முறையன்று என்பது எம் கருத்து.

முடிவுரை

தமிழ் நிலத்திலும் பௌத்தம் செழித்திருந்தது. மணிமேகலை முழுமையாகக் கிடைத்துள்ளது; குண்டலகேசியோ சில செய்யுட்களாக மட்டுமே எஞ்சியுள்ளது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நிலத்தில் ஓலையின் ஆயுள் குறைவு; மீண்டும் மீண்டும் படியெடுப்பார் இருந்தாலன்றி நூல் நிலைக்காது. படியெடுப்போர் மறைந்தபோது தமிழ்ப் பௌத்த நூல்கள் பலவும் மறைந்தன. காந்தாரத்திலும் படியெடுப்போர் மறைந்தனர். ஆனால் உலர்ந்த நிலமும் மட்கலமும் சிலவற்றைக் காத்தன. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது பௌத்த இலக்கியத்தின் முழு உருவமன்று, தட்பவெப்பமும் தற்செயலும் விட்டுவைத்த பகுதியே என்பதை மனங்கொள்ள வேண்டும்.

மணிமேகலையின் சமயக் கோட்பாட்டை விளக்கும்போது அதனை ஈனயானம், மகாயானம் என்னும் இரு பெட்டிகளுள் ஒன்றில் அடைக்க நாம் முயல்கிறோம். அப்பெட்டிகள் பிற்கால வசதிக்காக அமைந்தவை என்பதைக் காந்தாரச் சுவடிகள் காட்டுகின்றன. ஒரு நூல் எப்பிரிவைச் சார்ந்தது என்று வினவுவதற்கு முன், அந்நூல் எம்மொழி வழியாக, எவ்வேட்டில், எவர் கையால் நம்மை அடைந்தது என்று வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்தல் வேண்டும். இப்பழக்கம் பௌத்தத்தைக் கற்பதற்கு மட்டுமன்றி நம் சொந்த இலக்கியத்தைக் கற்பதற்கும் இன்றியமையாததாகும்.