ஸ்கூட்டரை விட்டு இறங்கிய அத்தான்

அக்காவுக்குப் பஸ் என்றால் படபடப்பு. ஒருநாள் கூட்ட நெரிசலில் மூச்சு முட்டி, கை நடுங்கி, செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டாள். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. அன்றிலிருந்து அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது அத்தானின் வேலை. கடைக்குப் போவது என் வேலை. "ஒண்ணும் ஆகாதுடி, பயப்படாதே" என்பது அம்மாவின் வேலை. அன்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் மூன்றே வருடத்தில் அக்காவின் உலகம் தெருமுனையோடு முடிந்துபோனது.

பஸ் ஏறாமல் தப்பித்ததும் படபடப்பு சட்டென்று தணிகிறது. அந்த நிம்மதிதான் கண்ணி. 'ஏறவில்லை, அதனால் பிழைத்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஏறியிருந்தாலும் பிழைத்திருப்போம் என்று அது கற்றுக்கொள்ள நாங்கள் விடவே இல்லை. அம்மாவின் ஆறுதலும் அரைமணி நேரம்தான் தாங்கும். பிறகு மறுபடி கேட்க வேண்டும்.

யேல் பல்கலைக்கழக உளவியலாளர் லெபோவிட்ஸ் குழுவினரின் 2020 ஆய்வு இங்கே முக்கியம். பதற்றக் கோளாறு உள்ள 124 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு சிபிடி எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை. மற்றவர்களுக்குச் சிகிச்சையே இல்லை. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பயத்துக்கு வளைந்து கொடுப்பதை மெல்லக் குறைக்க வேண்டும், 'உனக்குக் கஷ்டம்தான், ஆனால் உன்னால் தாங்க முடியும்' என்று சொல்ல வேண்டும். பலன் சிபிடிக்குச் சளைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் கண்டிப்பு காட்டக் கிளம்பிவிட வேண்டாம். ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாய எதிர்வினை தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கை அவ்வளவு உதவவில்லை. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களுக்குத் தணிவும் கூடுதல். (அத்தானிடம் இதைச் சொன்னேன், சிரித்து மழுப்பிவிட்டார்.)

ஆக, கை வேண்டும்; ஸ்கூட்டர்தான் வேண்டாம். மனநல மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அத்தான் அவளோடு பஸ்ஸில் ஏறினார். ஒரே ஸ்டாப். "பக்கத்துலதான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, பிறகு தானாகவே அடங்கியது. இப்போது அக்கா தனியாக ஏறுகிறாள். அத்தான் அடுத்த ஸ்டாப்பில் காத்து நிற்கிறார். சில நாள் ஏறாமல் திரும்பியும் விடுகிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.