ஊட்டி மலைப் பஸ்ஸுக்கு வெளிநாட்டுக் கடன் வருமா? மெட்ரோ முதல் மலைச்சாலை வரை பணத்தை யார் பிரிக்கிறார்கள்? - முழு விளக்கம்

சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் கடன், புது பஸ்களுக்கு ஜெர்மனி கடன், மாநில நெடுஞ்சாலைகளுக்கு உலக வங்கிக் கடன். இப்படிச் செய்திகள் வரும்போதெல்லாம் நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். "எங்க மலைக்கு மட்டும் ஏன் எதுவும் வரல?"

காலை நேரத்தில் குன்னூர் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகள் எல்லோருக்கும் அரசு பஸ்தான் கதி. ஒரு டிரிப் ரத்தானால் அன்றைய கூலியோ, டாக்டரைப் பார்க்கும் வாய்ப்போ போய்விடும்.

சரி, வெளிநாட்டுக் கடன் எப்படி வருகிறது? எந்தப் பணம் எதற்கு என்று முடிவு செய்வது யார்? ஒரே நேரத்தில் நான்கைந்து வங்கிகள் கடன் கொடுத்தால் குழப்பம் வராதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எப்போது தொடங்கியது?

சுதந்திரம் அடைந்த இரண்டே ஆண்டுகளில் தொடங்கிவிட்டது. உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கடனே போக்குவரத்துக்குத்தான். 1949 ஆகஸ்டில், ரயில்வேக்காக 3.4 கோடி டாலர் தரப்பட்டது.

அடுத்த பத்தாண்டுக்குள் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. 1958-ல் உலக வங்கி தலைமையில் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா ஆகிய நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, இந்தியாவுக்கு யார் எவ்வளவு தருவது என்று பேசின. 'இந்திய உதவிக் கூட்டமைப்பு' என்று அதற்குப் பெயர் வந்தது. உதவி செய்கிறவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் பழக்கத்துக்கு அது முன்னோடி.

நீலகிரிக்கு அப்போது எதுவும் வரவில்லையா?

வந்தது. ஆனால் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ இல்லை, மின்சாரத்துக்கு. 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. மின் நிலையம் கட்ட வேண்டுமென்றால் முதலில் அங்கே போகப் பாதை வேண்டும். கெத்தை, பில்லூர் மின் நிலையங்கள் இருக்கும் பகுதி வழியாகப் போகும் மஞ்சூர் - காரமடை சாலைதான் இன்றும் குன்னூர், கோத்தகிரி வழிகள் அடைபட்டால் கைகொடுக்கும் மாற்று வழி. மின்சாரத்தையும் சாலையையும் தனித்தனிக் கணக்காகப் பார்த்தால் இந்தப் பயன் கண்ணுக்கே தெரியாது.

மலை ரயிலுக்கு யுனெஸ்கோ பணம் தருகிறதா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். அது சரியல்ல. மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலுக்கு 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அது அங்கீகாரமே தவிர, ரயிலை ஓட்டுவதற்கான மானியம் கிடையாது. சுமார் 46 கி.மீ. பாதையைப் பராமரிப்பது, மண்சரிந்தால் அள்ளுவது, என்ஜினுக்குச் செலவு செய்வது எல்லாமே தெற்கு ரயில்வேயின் பொறுப்பு.

இன்று தமிழ்நாட்டில் யார் எதற்குக் கடன் தருகிறார்கள்?

முக்கியமானவை மட்டும்:

• உலக வங்கி: தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்துக்கு 2003-ல் 34.8 கோடி டாலர், 2015-ல் இரண்டாம் கட்டத்துக்கு 30 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2021-ல் சென்னை நகரச் சேவைகளுக்காகத் தனியாக 15 கோடி டாலர்.

• ஆசிய வளர்ச்சி வங்கி: சென்னை - கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தில் சுமார் 590 கி.மீ. மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த 2021-ல் 48.4 கோடி டாலர்.

• ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி: பஸ்களை நவீனமாக்க 2019-ல் ஒப்பந்தம். முதல் கட்டத்தில் 2,213 பி.எஸ்.-6 டீசல் பஸ்கள், 500 மின்சார பஸ்கள் என்பது திட்டம்.

• சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம்: சுமார் 119 கி.மீ., மதிப்பீடு ரூ.63,246 கோடி. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகிய நான்கு அமைப்புகள் கடன் தருகின்றன.

நான்கு பேர் கடன் கொடுத்தால் என்ன பிரச்னை?

ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு விதிப்புத்தகம் உண்டு. டெண்டரை இப்படித்தான் விட வேண்டும், நிலம் இழப்பவருக்கு இப்படித்தான் இழப்பீடு தர வேண்டும், இத்தனை மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்று. ஒரே வேலைக்கு நான்கு புத்தகத்தையும் பின்பற்றச் சொன்னால், அதிகாரிகள் வேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அறிக்கை எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். சென்னை மெட்ரோவில் அப்படித்தான் நடந்தது. சுமார் 52 கி.மீ. பகுதி ஜைக்காவுக்கு, மீதமுள்ள பகுதிகள் மற்ற வங்கிகளுக்கு. பயணிக்கு இது ஒரே ரயில். கணக்குப் புத்தகத்தில் மட்டும் பல துண்டுகள்.

இந்தச் சிக்கல் உலகம் முழுக்க உள்ளதுதான். எத்தியோப்பியாவில் 1997-ல் அரசே சாலைத் துறைக்கு ஒரே திட்டம் வகுத்தது. பல நாடுகளும் வங்கிகளும் அந்தத் திட்டத்துக்குள் வந்து பணம் போட்டன. 2005-ல் பாரிஸில் வெளியான உதவிப் பிரகடனமும் இதையே சொன்னது: திட்டம் பணம் வாங்கும் நாட்டுடையதாக இருக்க வேண்டும், கொடுக்கிறவர்கள் அதற்கு ஏற்ப நடக்க வேண்டும்.

தமிழ்நாடு நேரடியாக ஜப்பானிடம் கேட்க முடியாதா?

முடியாது. வழி இதுதான். மாநிலத் துறை ஒரு முதல்நிலைத் திட்ட அறிக்கையைத் தயாரிக்கும். மாநில நிதித்துறை சரி சொன்ன பிறகு அது டெல்லிக்குப் போகும். மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைதான் கதவு. அங்குள்ள தேர்வுக் குழு பார்த்து, எந்த வங்கியிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்யும். மாநிலத் திட்டமாக இருந்தாலும் கடன் ஒப்பந்தத்தில் இந்திய அரசு கையெழுத்திடும்.

2005 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்தக் கடன் வந்த நிபந்தனையோடு அப்படியே மாற்றித் தரப்படுகிறது. அதாவது, வட்டியும் மாநிலத்துக்குத்தான், ரூபாய் மதிப்பு சரிந்தால் வரும் கூடுதல் சுமையும் மாநிலத்துக்குத்தான். மாநிலத்தின் மொத்தக் கடன் வரம்புக்குள்ளேயே இதுவும் சேரும்.

மெட்ரோ விவகாரத்தில் தமிழக அரசு மத்திய அரசோடு ஏன் அத்தனை காலம் மல்லுக்கட்டியது என்பது இப்போது புரியும். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்ததும், அந்த வெளிநாட்டுக் கடன்கள் மத்திய அரசின் கடன்களாகக் கருதப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் கடன் வரம்பில் அவ்வளவு இடம் விடுபட்டது.

ஒருங்கிணைப்பு நன்றாக நடந்த உதாரணம் இருக்கிறதா?

2004 டிசம்பர் சுனாமியைச் சொல்லலாம். ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி மூன்றும் சேர்ந்து ஒரே சேதக் கணக்கெடுப்பை நடத்தின. ஒரே பட்டியல் கையில் இருந்ததால் வேலையைப் பிரிப்பது எளிதானது. உலக வங்கி தமிழ்நாடு, புதுச்சேரிக்கு 46.5 கோடி டாலர் கடன் தந்தது. ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதி மானியம். சாலை, பாலம் போன்ற வேலைகள் இந்தத் திட்டத்தில் வந்தன.

நீலகிரியிலும் பேரிடர் புதிதல்ல. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஆனால் ஒரு மாவட்டத்தில் விட்டுவிட்டு நடக்கும் சரிவுகள், சர்வதேசக் கணக்கெடுப்பை வரவழைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

அப்படியானால் மலைக்கு ஏன் வரவில்லை?

கடன் தரும் அமைப்புகளுக்குப் பெரிய, அளக்கக்கூடிய திட்டம் வேண்டும். இத்தனை கி.மீ. பாதை, இத்தனை லட்சம் பயணிகள் என்று காட்ட முடிந்தால் கோப்பு நகரும். ஜெர்மனி உதவும் பஸ் திட்டத்தின் பெயரே 'தமிழ்நாட்டின் முக்கிய நகரங்களில்' என்றுதான் ஆரம்பத்தில் வைக்கப்பட்டது. பெயரிலேயே மலை இல்லை.

மலையின் தேவை வேறு மாதிரி. இங்கே நீளம் குறைவான பஸ் வேண்டும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக வந்தால் 36 கொண்டை ஊசி வளைவுகள். நகரத்துக்கு வாங்கும் 12 மீட்டர் தாழ்தள பஸ்ஸைக் கொண்டுவந்து இந்தப் பாதையில் விட முடியாது. பிரேக், டயர் தேய்மானம், டிரைவர் பயிற்சி எல்லாமே தனிக் கணக்கு. சாலையிலும் அப்படித்தான்: இங்கே ஒரு தடுப்புச் சுவர், அங்கே ஒரு மழைநீர் வடிகால், இன்னொரு இடத்தில் சின்னப் பாலம். ஒவ்வொன்றும் அவசியம், எதுவுமே தனியாக ஒரு 'புராஜெக்ட்' ஆகாது.

சாலைகள் பல கைகளில் இருப்பதும் சிக்கல். தேசிய நெடுஞ்சாலை மத்திய அமைச்சகத்தின் கீழ், மாநிலச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், ஊர்ச்சாலை உள்ளாட்சியிடம். காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி. எஸ்டேட்டுக்குள் போனால் அது தனியார் சாலை. இத்தனை பேரையும் ஒரே அறிக்கைக்குள் கொண்டுவர ஒருவர் வேண்டும்.

இப்போது ஏன் இது அவசரம்?

இரண்டு காரணங்கள். ஒன்று, 2024-25 தமிழக பட்ஜெட்டில் பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணம் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் டிக்கெட் இலவசமானால் மட்டும் போதாது, பஸ்ஸும் வர வேண்டும்.

இரண்டு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. கார்களைக் குறைக்கச் சொன்னால், அதில் வர இருந்தவர்களை ஏற்றிக்கொள்ளப் பொதுப் போக்குவரத்து வேண்டும். அதற்கு யார் பணம் தருவது?

கடன் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். பஸ் வாங்கக் கடன் கிடைக்கும், தினமும் அதை ஓட்டும் செலவுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சென்னையில் உலக வங்கி உதவியோடு வந்த மின்சார பஸ்களில், தனியார் நிறுவனம் பஸ்ஸை ஓட்ட, ஓடிய கிலோமீட்டருக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் பணம் தருகிறது. 2025 ஜூன் 30-ல் முதல் கட்டமாக 120 பஸ்கள் வந்தன. நகரத்தில் கூட்டம் உண்டு, கட்டணம் வரும். பனியில் பாதி காலியாக ஓடும் கடைசி டிரிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பதை முதலிலேயே பேசியாக வேண்டும்.

அப்போ நீலகிரி மக்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

"எந்த நாடு பணம் தரும்?" என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, "டெல்லிக்குப் போகும் மாநிலப் பட்டியலில் எங்கள் தேவை இருக்கிறதா?" என்பதுதான்.

நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு என்று மலைப்பகுதிகள் எல்லாவற்றின் பஸ், சாலை, நிலச்சரிவுத் தடுப்பு வேலைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே அறிக்கையாகத் தயாரித்தால், அது ஒரு வங்கி திரும்பிப் பார்க்கும் அளவு வரும். அதைச் செய்ய வேண்டியது போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, மாவட்ட நிர்வாகம் மூன்றும் சேர்ந்து. அழுத்தம் கொடுக்க வேண்டியவர்கள் உள்ளூர் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும். கிராம சபையில் பஸ் கேட்டுத் தீர்மானம் போடுவதும் அந்தப் பட்டியலின் முதல் வரிதான்.

வங்கிகள் தங்கள் பணத்தைப் பிரித்துக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. மலையின் தேவையை ஒன்று சேர்க்கும் வேலைதான் பாக்கி இருக்கிறது. அதை வாஷிங்டனிலோ டோக்கியோவிலோ யாரும் செய்ய மாட்டார்கள். ஊட்டியிலும் சென்னையிலும்தான் செய்ய வேண்டும்.